நண்பகலில் இறங்கும் எண்: அயனோகிராம் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல அதிர்வெண்களில் ரேடியோத் துடிப்புகளை வானத்துக்கு அனுப்பி, அங்குள்ள எலக்ட்ரான் அடுக்குகளிலிருந்து திரும்பும் எதிரொலிகளை உயரத்தோடு வரைந்த படம்தான் அயனோகிராம். பாறசாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அதைப் படிக்க உட்காரும் பிள்ளைகள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, மத்தியானம் எஃப்2 அடுக்கோட மாறுநிலை அதிர்வெண் குறையுதே, கருவி கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. எஃப்2 என்பது அந்த அடுக்குகளில் மேலே இருப்பது. அது திருப்பி அனுப்பும் மிக உயர்ந்த அதிர்வெண்தான் மாறுநிலை அதிர்வெண்; எலக்ட்ரான்கள் அடர்ந்தால் அதுவும் கூடும். வெயில் ஏற ஏற எலக்ட்ரான்கள் பெருகும் என்ற கணக்கு நம் ஊர் வானத்துக்கு அப்படியே செல்லாது. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்ததே அதற்காகத்தான். இங்கே பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தூக்கிவிடும். பிறகு அவை காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்கும், நீரூற்றுபோல. அதனால் காலையிலும் பிற்பகலிலும் மேடு, நடுவே பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பிழை என்று அழித்து நேர்கோடு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறும். அன்றைய வானம் சொன்ன முக்கியமான செய்தியே அதுதான்.

அடுத்தது உயரம். துடிப்பு 2 மில்லிசெகண்டில் திரும்பினால் 300 கி.மீ. என்று படத்தில் விழும். அது தோற்ற உயரம் மட்டுமே. எலக்ட்ரான்களுக்குள் நுழைந்த அலை வேகம் குறைந்து போவதால், உண்மை உயரம் அதைவிடக் குறைவு. மாறுநிலை அதிர்வெண்ணை நெருங்கும்போது கோடு செங்குத்தாக எழும்பும். அடுக்கு மேலே ஏறிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். 250 கி.மீ. கோட்டுக்கு மேலே 500இல் மங்கலாக இன்னொன்று தெரிந்தால் அது புது அடுக்கல்ல, தரையில் பட்டு இரண்டாம் முறை போய்வந்த எதிரொலி.

பூமியின் காந்தப்புலம் அலையை இரண்டாகப் பிரிப்பதால் வலது ஓரத்தில் இரட்டைக் கோடு வரும். நமக்கு வேண்டியது இடப்பக்கத்துக் கோடு, 'சாதாரண அலை' என்று பெயர். வலப்பக்கத்தது இங்கே சுமார் 0.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். 8க்குப் பதில் 8.5 என்று படித்தால், எலக்ட்ரான் அடர்த்தி அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 13 சதவீதம் கூடிவிடும்.

பொழுது சாய்ந்தபின் கோடு கலைந்து, தண்ணீரில் கரைந்த மைபோலப் பரவும் இரவுகள் உண்டு. அந்த மங்கலின் வெளி ஓரத்தில் பென்சிலை வைத்து ஓர் எண்ணைப் பிடுங்காதீர்கள். உள் ஓரத்தில் முதன்மைக் கோடு தெளிவாகத் தெரிந்தால் மட்டும் எண்ணை எடுங்கள், பக்கத்தில் இந்தப் பரவலைக் குறிக்கும் 'எஃப்' என்ற எழுத்தைப் போடுங்கள். தெரியாவிட்டால் எழுத்து மட்டும் போதும், கட்டம் காலியாகவே இருக்கட்டும்.