சொன்ன தேதிக்குப் போன ஆர்டரிலிருந்து பாடம் எடுப்பது எப்படி? பின்னலாடை யூனிட்டுக்கான செய்முறை

ஆர்டர் லேட்டானால் மீட்டிங் உண்டு. பையரிடமிருந்து (ஆர்டர் கொடுத்தவர்) டெபிட் நோட், அதாவது பிடித்தம் கேட்கும் சீட்டு, வந்தால் கட்டாயம் உண்டு. கன்டெய்னர் சொன்ன தேதியில் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டால் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை, அடுத்த ஃபைலைத் திறந்துவிடுகிறோம். அது ஏன் சரியாகப் போனது என்பது கட்டிங் மாஸ்டருக்கோ லைன் சூப்பர்வைசருக்கோ தெரிந்திருக்கும். அவர் வேறு கம்பெனிக்குப் போகும்போது அந்த விவரமும் கூடவே போய்விடும்.

ஷ்முவேல் எல்லிஸ், இன்பார் டேவிடி இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இஸ்ரேலியப் படைவீரர்களின் வழியறியும் பயிற்சியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் தவறிய இடங்களை மட்டும் பேசினார்கள். இன்னொரு பிரிவினர் சரியாக வந்த இடங்களையும் சேர்த்துப் பேசினார்கள். கூடுதலாக முன்னேறியது இரண்டாவது பிரிவுதான். சரியாகப் போனதையும் பேசும் இப்படியொரு கூட்டத்தைத் திருப்பூர் யூனிட் ஒன்றில் 75 நிமிடத்தில் நடத்தி முடிக்கலாம்.

படி 1: ஒரே ஒரு ஆர்டர்

ஷிப்மென்ட் போன 7 நாளுக்குள் உட்காருங்கள். தள்ளிப்போட்டால் தேதிகள் மறந்துவிடும், நல்ல ஞாபகம் மட்டும் மிஞ்சும். "இந்த சீசன் எப்படிப் போச்சு" என்று ஆரம்பிக்காமல் ஒரு ஆர்டரை மட்டும் எடுங்கள். அதே மாதிரி துணி, அதே அளவு பீஸ், ஆனால் லேட்டாகப் போன இன்னொரு ஆர்டரையும் பக்கத்தில் வையுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எது காரணம், எது வெறும் பழக்கம் என்று பிரிக்கவே முடியாது.

எடுத்த ஆர்டர் உண்மையிலேயே வெற்றிதானா என்றும் பாருங்கள். கடைசி மூன்று நாள் விடிய விடிய ஓட்டியோ, பாதியை விமானத்தில் அனுப்பியோ தேதியைப் பிடித்திருந்தால் அதை நஷ்டக் கணக்கில் பேச வேண்டும்.

படி 2: யார் யார்

ஏழெட்டுப் பேர் போதும்: மெர்ச்சண்டைசர் (பையரிடம் பேசி ஆர்டரை நடத்துபவர்), துணி பார்ப்பவர், கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், இரண்டு டெய்லர், செக்கிங், பேக்கிங். நடத்துபவர் அந்த ஆர்டரில் வேலை செய்யாதவராக இருக்கட்டும். சாயப்பட்டறை வெளியே இருந்தால், அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் முந்தின நாளே 10 நிமிடம் போனில் பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி கடைசி 15 நிமிடத்துக்கு வந்தால் போதும். முதலிலேயே உட்கார்ந்தால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு 75 நிமிடம் என்பது கூலி. அதைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் கண் கடிகாரத்தில்தான் இருக்கும், அது அவர் குற்றமில்லை.

படி 3: பேச்சுக்கு முன் காகிதம்

டி அண்ட் ஏ சார்ட் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை), தினசரி புரொடக்‌ஷன் ரிப்போர்ட், துணி வந்த டெலிவரி சலான், செக்கிங் ரிப்போர்ட் நான்கையும் எடுங்கள். பெரிய சார்ட் பேப்பரில் ஒரு கோடு. திட்டமிட்ட தேதி மேலே, நடந்த தேதி கீழே. எங்கே இரண்டும் விலகுகிறதோ, எங்கே நாள் மிச்சமாகியிருக்கிறதோ அங்கே வட்டம் போடுங்கள். பேச வேண்டியது அந்த வட்டங்களைப் பற்றித்தான்.

படி 4: கேள்வி

முதல் 5 நிமிடம் யாரும் பேச வேண்டாம். இந்த ஆர்டரில் எது கைகொடுத்தது, எது மயிரிழையில் தப்பியது என்று ஒவ்வொருவரும் மூன்று சீட்டு எழுதட்டும். எழுதத் தயங்குபவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருப்பவர் எழுதலாம். படிக்கும்போது டெய்லரில் ஆரம்பித்து மெர்ச்சண்டைசரில் முடியுங்கள்.

பெரும்பாலான கூட்டங்கள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. "எல்லாரும் ஒத்துழைச்சாங்க" என்ற பதில் வந்ததும் கை தட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அந்தப் பதிலைத் தாண்டிப் போக வேண்டும். பேச்சு இப்படி நகரலாம்:

"ஏன் நல்லாப் போச்சுன்னா, டீம் ஒர்க்தானுங்க."

"சரிங்க மாஸ்டர். துணி வந்த அன்னைக்கு முதல்ல என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. ரோலைப் பிரிச்சுப் போட்டு வச்சிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"மறுநா காலைல வரைக்குங்க. லைக்ரா துணியில்லீங்களா, உடனே வெட்டுனா இழுத்துக்கும்."

"அந்த லேட்டான ஆர்டர்ல?"

"அது வந்த அன்னைக்கே வெட்டச் சொல்லிட்டாங்க."

கிடைத்துவிட்டது. லைக்ரா கலந்த துணி ரோலில் இழுவிசையோடு சுற்றப்பட்டிருக்கும். பிரித்து ஒரு நாள் ஆறவிடாமல் லே போட்டு (அடுக்கடுக்காக விரித்து) வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கும். உயரம் குறையும், செக்கிங்கில் அளவு தவறும், ஆல்டரேஷன் குவியும். சார்ட்டில் "வீணான" ஒரு நாள்தான் பின்னால் பல நாளை மிச்சப்படுத்தியிருக்கிறது. "ஏன்" என்று கேட்டால் அபிப்பிராயம் வரும். "எந்த நாள், என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் வேலை வரும்.

படி 5: மூன்று கட்டம்

சீட்டுகளை "நாம் செய்தது", "தானாக அமைந்தது", "தப்பித்தது" என்று பிரித்து ஒட்டுங்கள். லேப் டிப் (பையருக்கு அனுப்பும் சாய நிற மாதிரி) முதல் தடவையிலேயே அப்ரூவல் ஆனது, டையிங்கில் மெஷின் காலியாக இருந்தது, தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போகும் முன்பே தையல் முடிந்தது, இவையெல்லாம் இரண்டாவது கட்டம். சந்தேகமாக இருந்தால் ஒரு கேள்வி: தீபாவளிக்கு மறுவாரம் இதே ஆர்டர் வந்தாலும் இது நடக்குமா?

மூன்றாவது கட்டத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். சேலஞ்சர் விபத்துக்கு முன் அமெரிக்க விண்வெளி ஓடங்கள் 24 பயணங்கள் போய்ப் பத்திரமாகத் திரும்பின. அவற்றில் சிலவற்றிலேயே ராக்கெட் இணைப்பின் ரப்பர் வளையம் அரித்திருந்தது தெரியும். திரும்பி வந்துவிட்டதால் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1986 ஜனவரி 28-இல் அதே வளையம் கைவிட்டது, ஏழு பேர் இறந்தார்கள். உங்கள் யூனிட்டில் அது கடைசி நிமிடத்தில் கண்ணில் பட்ட சைஸ் ரேஷியோ (எந்த சைஸில் எத்தனை பீஸ்) தவறாக இருக்கலாம். பெட்டி போய்விட்டது என்பதால் அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள்.

யார் பெயருக்குப் பாராட்டு என்ற இழுபறியும் இங்கே வரும். இனிப்பு, பாராட்டு எல்லாவற்றையும் வேறு நாளில் வைத்துக்கொள்வது நல்லது.

படி 6: இரண்டே மாற்றம்

பத்து மாற்றம் எழுதினால் ஒன்றும் நடக்காது. இரண்டு போதும். மினிட்ஸ் எழுதி மெயிலில் அனுப்பாமல், டி அண்ட் ஏ சார்ட்டிலேயே ஒரு வரியாகச் சேருங்கள்: "லைக்ரா துணி ரிலாக்சிங், 24 மணி நேரம், கட்டிங் மாஸ்டர் கையெழுத்து." எந்தத் துணிக்கு என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் லைக்ரா இல்லாத ஆர்டரிலும் யோசிக்காமல் ஒரு நாளைக் கழிப்பார்கள்.

அடுத்த லைக்ரா ஆர்டரில் இரண்டு எண்ணை மட்டும் எழுதி வையுங்கள்: 100 பீஸுக்கு எத்தனை அளவுத் தவறு, எத்தனை நாள் ஆல்டரேஷன். குறையவில்லை என்றால் காரணத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். பழைய சார்ட் பேப்பரை மறுபடி விரித்து, அடுத்த வட்டத்துக்குப் போங்கள்.