நேப்பிள்ஸ் போகலாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி பத்து நிமிடத்தில் நேப்பிள்ஸ் வந்துவிடும். ரோம், மிலான் ஆகியவற்றுக்கு அடுத்து இத்தாலியின் மூன்றாவது பெரிய நகரம் அது. ஆனாலும் இத்தாலிப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று எழுதிவிட்டு, நேப்பிள்ஸ் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறார்கள். சந்தேகப்படுவதில் தவறில்லை. அதைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் போகும் வழிகளில்தான் தவறு இருக்கிறது.

பழைய செய்திகளை வைத்து முடிவெடுப்பது அதில் முதன்மையானது. 2008-இல் நேப்பிள்ஸ் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. அந்தப் படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, நிலைமை எப்போதோ மாறிவிட்டது. பளிச்சென்ற சுத்தத்தை இப்போதும் எதிர்பார்க்க முடியாது, சுவரெல்லாம் கிறுக்கல்கள்தான். கமோரா என்ற குற்றக் கும்பல்களும் கற்பனை அல்ல. ஆனால் அவற்றின் சண்டைகளில் பெயர் அடிபட்ட ஸ்காம்பியா போன்ற பகுதிகள் நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கின்றன, சுற்றுலாப் பயணிக்கு அங்கே வேலையே இல்லை. நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது பிக்பாக்கெட்டிடமும், ஸ்கூட்டரில் வந்து கைப்பையையோ செல்போனையோ பறித்துப் போகிறவர்களிடமும்தான். பையைக் குறுக்காக மாட்டி, சாலைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெரிசலான ரயிலில் செல்போனைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

ரயில் நிலைய வாசலைப் பார்த்து ஊரை எடைபோடுவது இன்னொரு தவறு. கரிபால்டி சதுக்கத்தில் கால் வைத்ததும் இரைச்சலும் நெரிசலும் முகத்தில் அறையும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைச் சுற்றியே அறை எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் "ஊரா அது?" என்று திரும்பி வருகிறார்கள். அங்கிருந்து மெட்ரோ முதல் தடத்தில் ஏறினால் சில நிறுத்தங்களில் டொலேடோ வரும். 2012-இல் திறந்த நிலையம் அது. நீல மொசைக் கற்களுக்கு நடுவே எஸ்கலேட்டரில் மேலேறும்போதே உங்கள் கருத்து மாறத் தொடங்கும். தங்குவதற்கு தாந்தே சதுக்கம், கடற்கரையை ஒட்டிய கியாயா, குன்றின் மேலுள்ள வோமெரோ ஆகிய பகுதிகளைப் பாருங்கள். வோமெரோவுக்குக் கேபிள் ரயில் இருக்கிறது, இரவில் அமைதியும் அங்கேதான் அதிகம்.

எனக்கு உண்மையிலேயே மனம் தாங்காத தவறு வேறொன்று: எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேய்க்கும் காப்ரி தீவுக்கும் அமால்ஃபி கடற்கரைக்கும் போகும் வழியில் பெட்டியை வைத்துவிட்டுப் போகும் இடமாக மட்டும் நேப்பிள்ஸை நினைப்பது. பொம்பேயில் முறையான அகழாய்வு 1748-இல், நேப்பிள்ஸை ஆண்ட பூர்போன் வம்ச மன்னர் காலத்தில் தொடங்கியது. அப்போதிலிருந்து அங்கே கிடைத்த சிறந்த மொசைக்குகள், வெண்கலச் சிலைகள், சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த ஓவியங்கள் எல்லாம் அரச சேகரிப்புக்குப் போயின. இன்று அவை நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொம்பேயில் மணிக்கணக்காக நடந்து வெறும் சுவர்களைப் பார்த்துவிட்டு, அந்தச் சுவர்களில் இருந்தவற்றைப் பார்க்காமல் விமானம் ஏறுவது பாதி பயணம்தான். முதல் நாள் பொம்பேய், மறுநாள் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

நமக்கு அங்கே கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. பொம்பேய் வீடு ஒன்றில் 1938-இல் கிடைத்த, இந்தியாவில் செதுக்கிய சிறிய தந்தச் சிலை இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'பொம்பேய் லட்சுமி' என்று பெயர் வைத்தார்கள், யட்சி உருவமாக இருக்கலாம் என்பது இப்போது பலரின் கருத்து. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பேய் புதைந்தபோது அந்த வீட்டில் இருந்த பொருள் அது. இந்தியச் சரக்குகளுக்காக ரோமானியப் பேரரசின் பணம் வடிந்துபோகிறது என்று குறைபட்டு எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி இறந்ததும் அதே வெடிப்பில்தான். முசிறியில் மிளகு ஏற்றிய கப்பல்களின் சரக்கு எகிப்து வழியாக வந்து இறங்கிய பெரிய துறைமுகம், நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள பொட்சுவோலி. மெட்ரோ இரண்டாம் தடத்திலேயே அங்கே போய்வரலாம். பழைய சந்தையின் தூண்களில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் தெரியும். எரிமலை நிலம் தாழ்ந்து கடலுக்குள் போய் மீண்டும் எழுந்ததற்கு அவை சாட்சி. நிலம் இன்னமும் அசைகிறது, சிறு நில அதிர்வுகள் அடிக்கடி வரும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

பொம்பேய், வெசூவியஸ், நேப்பிள்ஸ் மூன்றையும் ரோமிலிருந்து ஒரே நாளில் முடிக்கும் திட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பொம்பேயில் நிழல் மிகக் குறைவு, ஜூலை ஆகஸ்ட் மதியத்தில் கல் பாதை கொதிக்கும். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி, டிக்கெட்டில் பெயரும் இருக்கும். வெசூவியஸின் எரிமலை வாய்க்கான டிக்கெட்டை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அது செவ்வாய்க்கிழமை என்றால் இன்னும் சிக்கல்: தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் சான்செவேரோ சிற்றாலயத்துக்கும் அன்று விடுமுறை. சான்செவேரோவில் இருக்கும் பளிங்குக் கிறிஸ்து 1753-இல் சிற்பி சான்மார்ட்டினோ வடித்தது. உடல்மேல் போர்த்திய மெல்லிய துணியும் ஒரே கல்லில் செதுக்கியது என்பதை நேரில் பார்த்தாலும் நம்பக் கடினமாக இருக்கும். அதற்கும் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

ஃபிளாரன்ஸோடு ஒப்பிடுவதும் உதவாது. ஃபிளாரன்ஸ் காட்சிக்கு அடுக்கி வைத்த நகரம். நேப்பிள்ஸில் ட்ரிபுனாலி தெருவில் துணி காயும் பால்கனிகளுக்குக் கீழே நடந்து பியோ மோன்டே என்ற பழைய அறநிலையத்துக்குள் நுழைந்தால், ஓவியர் கரவாஜ்ஜியோ 1607-இல் அங்குள்ள தேவாலயத்துக்காகவே வரைந்த ஓவியம் அதே பீடத்தின் மேல் இருக்கிறது. அந்தத் தெருவே கிரேக்கர்கள் போட்டது. ஊருக்கு அடியில் அவர்கள் கல் வெட்டிய குகைகள், பிற்பாடு தண்ணீர்த் தொட்டிகளாகி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சிலிருந்து ஒளியும் இடங்களாயின.

எல்லோருக்கும் ஏற்ற ஊர் என்று சொல்ல மாட்டேன். இத்தாலிக்கு முதல் பயணம், கையில் ஐந்தாறு நாள்தான் என்றால் ரோமோடும் ஃபிளாரன்ஸோடும் நிறுத்திக்கொள்ளலாம். முட்டி வலியுள்ள பெற்றோரோடு போகிறவர்களுக்குக் கருங்கல் பாதைகளும் படிகளும் சிரமம். சத்தத்தில் தூக்கம் வராதவர்கள் பழைய நகரத்துக்குள் அறை எடுக்கக் கூடாது. மற்றவர்கள் மூன்று இரவு ஒதுக்கிப் போங்கள்.

சைவம் என்பதால் தயங்கவும் வேண்டாம். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், சீஸ்கூடக் கிடையாது. கவனம் பேக்கரியில்தான் வேண்டும். மிளகு போட்ட தராலி முறுக்கிலும், அடுக்கடுக்கான ஸ்ஃபோலியதெல்லா இனிப்பிலும் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேரும். "ஸ்ட்ருத்தோ" இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.