எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் ‘கேஸ்ஃபோல்டு’ வசதியைத் தமிழ்ப் பெயர்களைக் கொண்டு சோதிப்பது எப்படி?

லினக்ஸ் கெர்னலின் 5.2 பதிப்பில், 2019 ஜூலையில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்குக் ‘கேஸ்ஃபோல்டு’ என்னும் வசதி வந்து சேர்ந்தது. கேப்ரியல் கிரிஸ்மன் பெர்டாசி உருவாக்கிய இவ்வசதி, ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாராமல் கோப்புப் பெயரைத் தேடித் தருகிறது. தமிழில் அந்த வேறுபாடே இல்லையாதலால் நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றக்கூடும். ஆனால் பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் கெர்னல் அவற்றை யூனிகோட் விதிப்படி இயல்பாக்குகிறது (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒரே வடிவாக்குகிறது) என்பதால், ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசை எழுத்துகள் உள்ள ஒவ்வொரு பெயரும் இதனால் பாதிக்கப்படுகிறது. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறியாகவும் எழுதலாம். ககரம், எகரக் குறி, துணைக்கால் என மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாதாரண அடைவில் அவை இரு வேறு கோப்புகள். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ்+ வட்டிலிருந்து நகலெடுத்த கோப்புகள் பிரித்த வடிவிலேயே வந்து சேர்வதால், இது ஏட்டளவில் நின்றுவிடும் சிக்கலன்று.

கட்டளைகளைக் கீழே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். கெர்னலைக் கம்பைல் செய்யத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: சோதனைக் களம்

அன்றாடம் பயன்படுத்தும் கணினியின் கெர்னலை இதற்காக மாற்ற வேண்டாம். மெய்நிகர் கணினிக்குத் தனி வட்டு அமைத்து, அதில் ஒரு முழு இயங்குதளத்தை நிறுவிச் சோதிப்போர் பலர். நான் விர்ட்மி-என்ஜி என்னும் கருவியையே பரிந்துரைப்பேன். கெர்னல் மூலநிரல் அடைவிலிருந்தபடியே, உங்கள் கணினியிலுள்ள கருவிகளோடு, புதிய கெர்னலைக் கியூஎமு என்னும் மெய்நிகர் கணினி மென்பொருள் வழியே சில நொடிகளில் அது தொடங்கிவிடும். ஒரு வரி மாற்றி மீண்டும் சோதிக்க வேண்டிய வேலையில் இந்த வேகமே பெரிய துணை.

கம்பைல் செய்யும்போது எக்ஸ்ட்4, லூப் சாதனம் (ஒரு கோப்பை வட்டுபோல் காட்டுவது), யூனிகோட் ஆகிய மூன்றும் அமைப்புக் கோப்பில் இயக்கப்பட்டிருக்க வேண்டும். யூனிகோட் விடுபட்டால் கேஸ்ஃபோல்டு உள்ள கோப்பு முறைமையை மவுண்ட் செய்யக் கெர்னல் மறுத்துவிடும். தொடங்கியதும் ‘சிஸ்’ அடைவுக்குள் எஃப்எஸ், எக்ஸ்ட்4, ஃபீச்சர்ஸ் என்று இறங்கி, அங்கே ‘கேஸ்ஃபோல்டு’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வட்டும் அடைவுகளும்

‘ட்ரன்கேட்’ கட்டளையால் 128 எம்பி அளவுள்ள வெற்று இமேஜ் கோப்பு ஒன்றை உருவாக்கி, ‘எம்கேஎஃப்எஸ்’ கட்டளைக்குப் பெரிய ‘ஓ’ விருப்பத்துடன் கேஸ்ஃபோல்டு என்று கொடுத்து எக்ஸ்ட்4 ஆக்குங்கள். பின்பு அதை லூப் வழியே மவுண்ட் செய்யுங்கள். வட்டில் வசதி இருப்பதால் மட்டும் எந்த அடைவும் மாறிவிடாது. ‘சிஎச்அட்டர்’ கட்டளையால் அந்தந்த அடைவுக்குப் பெரிய ‘எஃப்’ குறியை இட வேண்டும். காலியான அடைவுக்கு மட்டுமே இக்குறியை இட முடியும். புதிய வட்டின் மேல்நிலை அடைவில் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ முன்பே இருப்பதால் அங்கே இட முயன்றால் பிழைதான் வரும். எனவே உள்ளே இரண்டு அடைவுகளை உருவாக்குங்கள். ஒன்றுக்கு ‘மடிப்பு’ என்று பெயரிட்டுக் குறியை இடுங்கள். மற்றொன்றுக்கு ‘சாதா’ என்று பெயரிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இரண்டாம் அடைவை வீண் என்று எண்ணித் தவிர்த்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பெயரைப் பைட்டுகளாகக் கொடுத்தல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ‘மடிப்பு’ அடைவில் ‘கொ’ என்று ஒரு கோப்பை உருவாக்கினேன், பின்பு எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே தட்டச்சிட்டதாக நினைத்துக்கொண்டு அதே பெயரைத் தேடினேன், கோப்பு கிடைத்தது. வசதி சரியாக இயங்குகிறது என்று குறித்துவைத்துவிட்டு, இரண்டு நாள் அந்த முடிவின் மேலேயே வேலை செய்தேன். மூன்றாம் நாள் தற்செயலாகச் ‘சாதா’ அடைவிலும் அதையே செய்து பார்த்தபோது, அங்கும் கோப்பு கிடைத்தது. குறியில்லாத அடைவில் அது கிடைக்கவே கூடாது. என் விசைப்பலகை நிரல் இரண்டு முறையும் சேர்த்த வடிவத்தையே அனுப்பியிருந்தது. ஒரே பைட்டுகளை ஒரே பைட்டுகளோடு ஒப்பிட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஆகவே விசைப்பலகையை நம்பாமல், ‘பிரிண்ட்எஃப்’ கட்டளைக்கு எண்ம (எட்டடிமான) முறையில் பைட்டுகளைக் கொடுங்கள். பதினாறடிமான எண்களை ஏற்காத ஷெல்லிலும் எண்மம் இயங்கும் என்பதால் எனக்கு இதுவே உவப்பானது.

சேர்த்த வடிவம்: \340\256\225\340\257\212

பிரித்த வடிவம்: \340\256\225\340\257\206\340\256\276

முதல் வடிவத்தைக் கொண்டு இரண்டு அடைவுகளிலும் கோப்பை உருவாக்கிய பின், வட்டை ஒருமுறை அன்மவுண்ட் செய்து மீண்டும் மவுண்ட் செய்யுங்கள். இல்லாவிடில் நினைவகத்திலுள்ள பெயர்த் தேக்கமே விடையளித்துவிடக்கூடும். வட்டில் எழுதியதைக் கெர்னல் உண்மையில் தேடிற்றா என்பது தெரியாது. இனி இரண்டாம் வடிவத்தை ‘ஸ்டாட்’ கட்டளைக்குக் கொடுத்தால், ‘சாதா’ அடைவில் கோப்பு இல்லை என்றும், ‘மடிப்பு’ அடைவில் இருக்கிறது என்றும் வர வேண்டும். ‘எல்எஸ்’ வெளியீட்டை ‘ஓடி’ கட்டளைக்குச் சிறிய ‘பி’ விருப்பத்துடன் அனுப்பிப் பார்த்தால், கோப்பு முதலில் எந்த வடிவில் உருவானதோ அந்தப் பைட்டுகளே அப்படியே இருக்கும். ஒப்பிடும்போதுதான் இயல்பாக்கம், சேமிக்கும்போது கெர்னல் எதையும் மாற்றுவதில்லை.

‘ஔ’ எழுத்தையும் இவ்வாறே சோதியுங்கள். ஒகரத்தோடு ஔகார நீட்டற்குறி சேர்ந்தது ‘ஔ’வுக்கு ஈடு, ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்தது ஈடன்று. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் அது வேறு பெயராகவே நிற்க வேண்டும்.

நான்காம் படி: அடைவைப் பெரிதாக்குதல்

அடைவு ஒரே தொகுதிக்குள் அடங்கும்வரை எக்ஸ்ட்4 பெயர்களை வரிசையாகப் படித்தே தேடுகிறது. அதைத் தாண்டிய பின்புதான் பெயரின் ஹேஷ் மதிப்பை (பெயரிலிருந்து கணக்கிடும் ஓர் எண்ணை) கொண்ட மர அமைப்புக்கு மாறுகிறது. நான்கைந்து கோப்புகளோடு நிறுத்திக்கொண்டால் பாதி நிரல் ஓடவே ஓடாது. ‘மடிப்பு’ அடைவில் ஆயிரம் கோப்புகளை உருவாக்குங்கள். ‘எல்எஸ்அட்டர்’ கட்டளை அந்த அடைவுக்குப் பெரிய ‘ஐ’ குறியைக் காட்டினால் மரம் உருவாகிவிட்டது. இப்போது மூன்றாம் படியை மீண்டும் செய்யுங்கள். இரு வடிவங்களுக்கும் ஒரே ஹேஷ் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கோப்பு வட்டில் பத்திரமாக இருந்தும் கைக்கு எட்டாமல் போகக்கூடும்.

பழைய டிஸ்கி குறியாக்கப் பெயர்கள் வட்டில் உள்ளோர் மேலும் ஒன்றைச் செய்யலாம். \253 என்ற ஒற்றைப் பைட் செல்லாத யூடிஎஃப்-8 ஆகும். இயல்பு நிலையில் அப்பெயர் ஏற்கப்பட்டு, பைட்டுக்குப் பைட் ஒப்பிடப்படும். வட்டை ‘ஸ்ட்ரிக்ட்’ கொடியுடன் உருவாக்கியிருந்தால் கோப்பை உருவாக்கும்போதே பிழை வரும்.

ஐந்தாம் படி: எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ்

கைச்சோதனை முடிந்ததும், கோப்பு முறைமைகளைத் தானாகச் சோதிக்கும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பின் ‘ஜெனரிக்’ பிரிவிலுள்ள 556 எண் சோதனையை ஓட்டுங்கள். கேஸ்ஃபோல்டுக்கென்றே எழுதப்பட்ட சோதனை அது. ‘ஸ்க்ராட்ச்’ என்று குறிப்பிடும் சாதனம் முழுவதும் அழிக்கப்படும் என்பதால் அங்கே லூப் சாதனத்தையே கொடுங்கள். ஓடி முடிந்ததும் கடைசி வரி சோதனைகள் தேறின என்று சொல்லும். அதை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அதற்கு மேலே ‘நாட் ரன்’ என்ற வரியில் 556 இருந்தால், ஏதோ ஒரு தேவை நிறைவேறாமல் அச்சோதனை தவிர்க்கப்பட்டது என்றே பொருள். பெரும்பாலும் முதல் படியில் யூனிகோட் விடுபட்டிருக்கும்.

இறுதியாக அன்மவுண்ட் செய்து, ‘இ2எஃப்எஸ்சிகே’ கட்டளையைச் சிறிய ‘எஃப்’ விருப்பத்துடன் ஓட்டுங்கள். ஹேஷ் மரத்தில் குறையிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

பின்சேர்க்கை: ‘ரிக்‌ஷா’ என்று எழுதும்போது க், ஷ இரண்டும் ஒட்டாமலிருக்க நடுவே இடுகிற அகலமில்லாப் பிரிப்பானைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதன் பைட்டுகள் \342\200\214. ஒப்பிடும்போது கெர்னல் இக்குறியைப் புறக்கணிப்பதால், அது உள்ள பெயரும் இல்லாத பெயரும் ‘மடிப்பு’ அடைவில் ஒன்றே. இத்தகைய குறிகளைப் புறக்கணிக்காதவாறு செய்த ஒரு மாற்றம் 2024இல் கெர்னலுக்குள் வந்தது. அதனால் ஹேஷ் மதிப்பு மாறி, முன்பே வட்டில் இருந்த சில கோப்புகளைத் திறக்க முடியாமல் போகவே, டிசம்பரில் அம்மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. ஆதலால் நான்காம் படியில் இப்பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கெர்னலில் கோப்பை உருவாக்கி, அதே இமேஜைப் புதிய கெர்னலில் மவுண்ட் செய்து தேடுங்கள். உருவாக்குவதும் தேடுவதும் ஒரே கெர்னலாக இருந்தால் இந்த வகைப் பிழை அகப்படாது.