உப்புக்காத்துல இறுகிப்போன பழைய சைக்கிள் காட்டர் பின்னை கழட்டுறது எப்படி?

பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கம் பழைய இரும்புக்கடைல ராலேயோ பிஎஸ்ஏவோ (ரெண்டும் பழைய சைக்கிள் கம்பெனி) கண்ணுல பட்டா பெயின்ட்டை விடுங்க, பல்சக்கரத்தை பாருங்க. ராலேன்னா நிறைய மாடல்ல கொக்குத்தலை வெட்டியிருக்கும், பிஎஸ்ஏல அந்த மூணு எழுத்தே டிசைனா இருக்கும். கலெக்ட் பண்றவங்க தேடுறது இதைத்தான். ஆனா அதை கழட்டணும்னா காட்டர் பின், அதாவது பெடல் கட்டையை (கிராங்கை) அச்சோட சேத்துப் பிடிக்கிற ஆப்பு மாதிரி பின், வெளிய வரணும், நம்ம கடக்காத்துக்கு அது லேசுல வராது.

முதல் நாள் ராத்திரியே பின்னோட ரெண்டு பக்கமும் துருவை இளக்குற டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க, அது இல்லன்னா போட்டுக்கு ஊத்துற டீசல் போதும்.

மறுநாள் நட்டை முழுசா கழட்டாதீங்க. பின் முனையும் நட்டும் சமமா வர்ற வரைக்கும் தளர்த்தி நிறுத்துங்க, அப்பதான் அடிக்கும்போது மரை நசுங்காது.

இப்ப முக்கியமான விஷயம். கிராங்குக்கு அடியில, பின்னோட தடிச்ச தலை உள்ள போற அளவு ஓட்டை உள்ள இரும்பு பைப்பை தரையில இருந்து நேரா முட்டு குடுங்க. முட்டு இல்லாம அடிச்சா அடி மொத்தமும் உள்ள இருக்கிற பால்ரஸ்ல இறங்கி அது உக்கார்ற கப்புல குழி விழுந்துரும். ஹெர்குலிஸ்னா பரவால்ல, அம்பத்தூர்ல 1949ல ஆரம்பிச்ச டிஐ கம்பெனி வண்டி, சாமான் கிடைக்கும். நாட்டிங்ஹாம் ராலேக்கு அப்படி இல்ல, மத்த கம்பெனிங்க இஞ்சுக்கு 24 மரை போட்டப்ப அவங்க மட்டும் 26 போட்டாங்க, லோக்கல் கப்பு ஏறவே ஏறாது.

பெரிய சுத்தியலா எடுத்து ஓங்கி ஒரே அடி. பயந்து பயந்து டொக்கு டொக்குன்னு தட்டினா அடிபடுற பின் முனை விரிஞ்சு ஓட்டைலயே சிக்கிக்கும், அப்புறம் டிரில் போடுறதைத் தவிர வழியில்ல.

கழட்டின சாமான்ல நிக்கல் பூச்சு இருந்தா உப்புத்தாள் வேணாம், அலுமினிய ஃபாயிலை தண்ணில நனைச்சு தேய்ங்க. கிணத்துத் தண்ணில கழுவிராதீங்க, நம்ம ஊர் தண்ணில உப்பு, மறுபடி துருதான். கேன் தண்ணில கழுவி உடனே துடைச்சு எண்ணெய் போடுங்க.

திரும்ப மாட்டும்போது பழைய பின் தேஞ்சிருந்தா புதுசு போடுங்க, பின்னுக்காக செலவு பாக்காதீங்க. ரெண்டு பக்க பின்னும் எதிரெதிரா நுழையணும், இல்லன்னா பெடல் ரெண்டும் ஒரே நேர்கோட்டுல நிக்காது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நட்டை இன்னொரு தடவை இறுக்குங்க.