மோதியது மற்றவர், எக்ஸஸ் கட்டியது நாம்: பிரித்தானியாவில் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவப்பு விளக்கில் நிற்கும் காரைப் பின்னால் வந்த வேன் இடித்துவிடுகிறது. வேன்காரரே தன் பிழைதான் என்கிறார். காரின் சொந்தக்காரர் தன்னுடைய முழுக் காப்புறுதியில் கிளெய்ம் செய்கிறார். திருத்த வேலைக்கு 2,800 பவுண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காரை எடுக்கப் போனால், 550 பவுண்ட் எக்ஸஸ் கட்டினால்தான் சாவி என்கிறது கராஜ். எக்ஸஸ் என்பது கிளெய்மில் காப்புறுதி நிறுவனம் கொடுக்காமல் நாமே போட வேண்டிய பங்கு. கட்டாய எக்ஸஸ் 250. பிரீமியம் குறையட்டும் என்று அவராகவே ஏற்றுக்கொண்டது 300. பிழை என்னுடையது இல்லையே என்று காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டால், "கட்டுங்கள், பிறகு திரும்பி வரும்" என்ற பதில் கிடைக்கிறது.

அந்தப் பதிலை நம்பிச் சும்மா இருப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். காப்புறுதி நிறுவனம் தன் கையிலிருந்து கொடுத்தது 2,250 பவுண்ட். அதை வேன்காரரின் நிறுவனத்திடமிருந்து வசூலிப்பதில் அதற்கு அக்கறை உண்டு. மீதி 550 உங்கள் சொந்த நட்டம். காப்புறுதி மூடாத நட்டம். அதையும் வாங்கித் தரவேண்டும் என்ற கடமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிறுவனத்துக்கு இல்லை. சில நிறுவனங்கள் நல்லெண்ணத்தில் சேர்த்துக் கேட்கும். சில, கேட்டால் மட்டும் கேட்கும். சில, அது உங்கள் பாடு என்று ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் நிறுவனம் இதில் எந்த வகை என்பதை விபத்து நடந்த வாரத்திலேயே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் இனிமையாகச் சொன்னது ஆறு மாதத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்து, கையில் இருப்பதையே மறந்துவிடுவது. காப்புறுதி வாங்கும்போது சிறு தொகை கூட்டி 'லீகல் புரொடெக்ஷன்' எடுத்திருப்பீர்கள். சில திட்டங்களில் அது சேர்ந்தே வரும். எக்ஸஸ், வாடகைக் கார்ச் செலவு, வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம் போன்றவற்றைப் பிழை செய்தவரிடமிருந்து வாங்கித் தருவதுதான் அதன் வேலை. வெல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்கிறது என்று தோன்றினால் அவர்களே சட்டத்தரணியை ஏற்பாடு செய்வார்கள். ஆனால் அவர்களை நீங்கள்தான் அழைக்க வேண்டும். அந்தத் தொலைபேசி எண் கிளெய்ம் எண்ணிலிருந்து வேறாகவே பெரும்பாலும் இருக்கும்.

லீகல் புரொடெக்ஷன் இல்லையென்றால் நீங்களே கேட்கலாம். மற்றவரின் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போதும். அவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாவிட்டால், வாகன எண்ணைக் கொண்டு, வாகனக் காப்புறுதி நிறுவனங்களின் பொது அமைப்பான மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவின் இணையத் தேடலில் கட்டணம் செலுத்தி அறியலாம். கடிதத்தில் இருக்க வேண்டியவை: விபத்தின் நாளும் இடமும், இரண்டு வாகன எண்கள், அவர்களின் கிளெய்ம் எண் தெரிந்தால் அது, எப்படி மோதினார் என்று இரண்டு வரி, கேட்கும் தொகை, பதிலுக்கு 14 நாள். இத்துடன் எக்ஸஸ் கட்டியதற்கான பற்றுச்சீட்டு. பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். எக்ஸஸ் 550 என்று காட்டும் காப்புறுதிப் பத்திரத்தை இணைக்கிறார்கள்; ஆனால் அது பணம் கட்டியதற்குச் சாட்சியாகாது. கராஜ் கொடுத்த பற்றுச்சீட்டு வேண்டும். கார் திருத்த முடியாதது என்று கழிக்கப்பட்டிருந்தால், இழப்பீட்டிலிருந்து எக்ஸஸைக் கழித்ததாகக் காட்டும் கடிதம் வேண்டும்.

பதில் வராவிட்டால் நீதிமன்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரையான இத்தகைய வழக்கு சிறு உரிமைக்கோரல் பிரிவில் நடக்கும், சட்டத்தரணி தேவையில்லை. 550 பவுண்டுக்கு வழக்கிடும் கட்டணம் 70 பவுண்ட், வென்றால் அதுவும் திரும்பும். பொதுவாகப் பிரதிவாதியாகப் போட வேண்டியது மற்ற ஓட்டுநரை. தீர்ப்புப் பணத்தை அவருடைய காப்புறுதி நிறுவனம் கட்ட வேண்டுமென்றால், 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்குத் தொடங்கும் முன்போ தொடங்கி ஏழு நாட்களுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். சாதாரண மனிதருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத விதி. தவறினால் தீர்ப்பு உங்கள் பக்கம், பணம் யார் பக்கமும் இல்லை என்று ஆகலாம்.

ஆனால் வழக்கிடும் முன் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் போகாதீர்கள். ஒரே சேதத்துக்கு ஒரே வழக்கு என்பது நீதிமன்றத்தில் அடிப்படை. 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றில், காரின் சொந்தக்காரர் தன் எக்ஸஸ் 50 பவுண்டுக்கு மட்டும் வழக்கிட்டிருந்தார். எதிர்த்தரப்பு அந்தச் சிறு தொகையைக் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பிறகு அவருடைய காப்புறுதி நிறுவனம், தான் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் பவுண்டைக் கேட்டு அவர் பெயரில் இரண்டாவது வழக்கைத் தொடுத்தபோது நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இது மறுபக்கமும் வெட்டக்கூடிய கத்தி: நிறுவனம் தன் தொகைக்கு மட்டும் வழக்கிட்டு முடித்துவிட்டால் உங்கள் எக்ஸஸ் சிக்கலில் மாட்டும். "என் எக்ஸஸையும் சேருங்கள்" என்று முன்கூட்டியே எழுதச் சொல்வது அதனால்தான்.

காலக்கெடுவையும் கவனிக்க வேண்டும். சொத்துச் சேதத்துக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விபத்திலிருந்து ஆறு ஆண்டு, ஸ்கொட்லாந்தில் ஐந்து. உடலில் காயம் என்றால் மூன்றே ஆண்டு. ஆறு ஆண்டு இருக்கிறதே என்று தூங்குவதற்கில்லை. சாட்சியின் தொலைபேசி எண் மாறிவிடும், டாஷ்கேம் (காருக்குள் பொருத்திய கமரா) பதிவு சில நாட்களில் தானாகவே அழிந்துவிடும்.

விபத்து நடந்த இடத்தில் செய்யும் தவறுகளும் கடைசியில் எக்ஸஸில்தான் வந்து விடியும். பெயர், முகவரி, வாகன எண் கொடுப்பது சட்டக் கடமை. மறுத்தால் பொலிஸுக்குச் சொல்லுங்கள். நம்மவர்கள் பதற்றத்தில் நாலு தரம் 'சொறி' சொல்லிவிட்டு இரவெல்லாம் கவலைப்படுவார்கள். மன்னிப்புக் கேட்பது மட்டுமே பிழையை ஒப்புக்கொண்டதாகாது என்று 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் சொல்கிறது. "நான்தான் பார்க்கவில்லை" என்று விளக்கம் கொடுக்கப் போவதுதான் ஆபத்து. அந்த ஒரு வரியை வைத்து எதிர்த்தரப்பு பாதிப் பிழை உங்களுடையது என்று வாதாடும். பாதிக்குப் பாதி என்று முடிவானால் எக்ஸஸிலும் பாதிதான் வரும். அப்படி முடித்துக்கொள்ளும் அதிகாரம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உங்கள் நிறுவனத்துக்கு இருக்கிறது. உங்கள் சம்மதம்கூடத் தேவையில்லை. ஆகவே படம், சாட்சி, டாஷ்கேம் பதிவு எல்லாவற்றையும் அவர்கள் பேச்சுவார்த்தைக்குப் போகும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

மோதியவரிடம் காப்புறுதியே இல்லையென்றாலும் கைவிட வேண்டாம். பல நிறுவனங்கள், காப்புறுதியற்ற ஓட்டுநர் மோதினால் எக்ஸஸைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அது இல்லாதவர்கள் மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவிடம் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் வாகன எண் வேண்டும். எண்ணே தெரியாமல் ஓடிப்போனவர் என்றால் வாகனச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது மிகக் கடினம்.

"எக்ஸஸே கட்ட வேண்டாம், வாடகைக் காரும் தருகிறோம்" என்று, விபத்துக்குப் பிறகான வேலைகளை உங்களுக்காகப் பார்ப்பதாகச் சொல்லும் விபத்து முகாமை நிறுவனங்கள் அழைக்கும். சில நேரம் உண்மையிலேயே பயன்படும். ஆனால் நீங்கள் கையெழுத்திடுவது கடன் ஒப்பந்தம். எதிர்த்தரப்பு வாடகையைக் கொடுக்க மறுத்தால் பில் உங்கள் பெயரில் வரலாம். 550ஐக் காப்பாற்றப் போய் ஆயிரக்கணக்கில் மாட்டியதாக முடியும். அதேபோல எதிர்த்தரப்பு நிறுவனம் அனுப்பும் காசோலையில் 'முழு, இறுதித் தீர்வு' என்றிருந்தால், எக்ஸஸும் மற்றச் செலவுகளும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்று பார்க்காமல் வங்கியில் போடாதீர்கள்.

முறையிடும்போதும் ஆளை மாற்றிவிடுகிறார்கள். சொன்னபடி உங்கள் நிறுவனமோ லீகல் புரொடெக்ஷன் நிறுவனமோ நடக்காவிட்டால் அவர்களிடம் எழுத்தில் முறையிடலாம். எட்டு வாரத்தில் தீர்வு இல்லையென்றால் நிதிக் குறைதீர் அதிகாரியிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்திருந்தால் அதற்கு ஆறு மாதம்தான் அவகாசம். மற்ற ஓட்டுநருடைய நிறுவனத்தைப் பற்றி அந்த அதிகாரியிடம் போய்ப் பயனில்லை. நீங்கள் அவர்களின் வாடிக்கையாளர் இல்லை. அவர்களுக்கு எதிராக உங்களுக்கு இருப்பது நீதிமன்றம்தான்.