ஃபெரிட்டின் ரிப்போர்ட்ட எப்படி படிக்கிறது?

ஹீமோகுளோபின் 12.4 இருக்கு, நார்மல்தான்னு சொல்லிட்டாங்க, ஆனா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, முடி கொத்து கொத்தா கொட்டுதுன்னு சொல்றவங்க நெறைய பேர். உடம்புல சேர்த்து வெச்சிருக்கிற இரும்புச்சத்துதான் மொதல்ல காலியாகும், ஹீமோகுளோபின் அதுக்கப்புறம்தான் இறங்கும். அந்த கையிருப்பு எவ்வளவுன்னு சொல்றதுதான் ஃபெரிட்டின்.

மொதல்ல யூனிட். மில்லிலிட்டருக்கு நானோகிராம்னு போட்டாலும் லிட்டருக்கு மைக்ரோகிராம்னு போட்டாலும் நம்பர் ஒண்ணுதான்.

அடுத்து நம்பர பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னபடி பெரியவங்களுக்கு 15க்கு கீழ போனா, 5 வயசுக்குள்ள குழந்தைங்களுக்கு 12க்கு கீழ போனா இரும்புச்சத்து குறைபாடு. ஆனா நெறைய டாக்டருங்க பெரியவங்களுக்கு 30க்கு கீழ இருந்தாலே குறைபாடுன்னுதான் எடுத்துக்கறாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது, 15ன்னு கோடு போட்டா குறைபாடு இருக்கிறவங்க பல பேர் விட்டுப்போயிடுவாங்க. சில லேப்ல நார்மல் ரேஞ்ச் 10 பக்கத்துலேருந்தே ஆரம்பிக்கும், அதனால 14 வந்தாக்கூட ரிப்போர்ட்ல ஒரு குறியும் இருக்காது, அத நம்பி விட்டுடாதீங்க. ஃபெரிட்டின் கம்மின்னா இரும்பு கம்மிதான், வேற காரணம் ரொம்ப அபூர்வம்.

நார்மல்னு வந்தாதான் யோசிக்கணும். காய்ச்சல், தொற்று, முடக்குவாதம், ஈரல் கோளாறு, குடிப்பழக்கம், உடல் பருமன், இதுல எது இருந்தாலும் இரும்பு இல்லாமலே ஃபெரிட்டின் ஏறும். அதனால காய்ச்சல் அடிச்ச வாரத்துல டெஸ்ட் எடுக்காதீங்க. கூடவே சிஆர்பி பாக்கச் சொல்லி கேளுங்க, உடம்புல தொற்றோ அழற்சியோ இருக்கான்னு காட்டுற ரத்த டெஸ்ட் அது. அது ஏறியிருந்தா பெரியவங்களுக்கு ஃபெரிட்டின் 70க்கு கீழ இருந்தாலே சந்தேகப்படணும். அப்பவும் தெளிவா இல்லன்னா டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 20 சதவீதத்துக்கு கீழ போனா இரும்பு பத்தலன்னு அர்த்தம். நாள்பட்ட கிட்னி நோய், ஹார்ட் ஃபெயிலியர் இருக்கிறவங்களுக்கு கணக்கே வேற, ஃபெரிட்டின் 100க்கு கீழ இருந்தாலே குறைபாடுன்னு பாப்பாங்க.

கம்மின்னு உறுதியாயிடுச்சா, ஏன் கம்மியாச்சுன்னு கண்டுபிடிக்கணும், இத தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. மாதவிடாயில அதிகமா ரத்தம் போறது, கர்ப்பம், இதெல்லாம் சாதாரணமா நடக்கிறது. ஆனா ஆம்பளைங்களுக்கோ மாதவிடாய் நின்ன பெண்களுக்கோ குறைஞ்சா வயித்துலயோ குடல்லயோ ரத்தம் கசியுதான்னு டாக்டர் பாத்தே ஆகணும், வெறும் மாத்திரைய முழுங்கிட்டு இருந்தா உள்ள இருக்கிற புண்ணோ கட்டியோ தெரியாமலே போயிடும்.

மாத்திரை ஆரம்பிச்சு ஹீமோகுளோபின் ஏறினதுமே நிறுத்திடறாங்க பல பேர். கையிருப்பு நிரம்ப அதுக்கப்புறமும் 3 மாசம் போல ஆகும், டாக்டர்கிட்ட கேட்டு அதுவரைக்கும் சாப்பிட்டு, திரும்ப ஃபெரிட்டின் எடுத்து பாருங்க.