குல்லாவுக்குள் பூனை: சின்னக் குழந்தைக்குச் சிரிப்புப் புத்தகம் எடுக்கும்போது எங்கே தவறுகிறோம்?

நீலகிரியில் ஜூன் பிறந்தால் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை விடாது. அக்டோபர், நவம்பரில் குன்னூரும் கோத்தகிரியும் நனையும். நாலு மணிக்கே மூடுபனி வாசலில் வந்து நிற்கிற நாட்களில், மூன்று வயதுக் குழந்தையை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க நல்ல கதைப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். ஆனால் புத்தகத்தைப் பார்த்து வாங்குகிற வாய்ப்பு மலையில் குறைவு. கோவைக்கு இறங்கும்போது, பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதே என்று கடைக்குள் நுழைந்து, அட்டையில் யானைக்குட்டி சிரிக்கிறதே என்று மூன்று புத்தகத்தை அள்ளிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் வந்து படித்தால் குழந்தை இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து போய்விடுகிறது. ‘இவனுக்குப் புத்தகமே பிடிக்கவில்லை’ என்ற முடிவுக்கு அவசரமாக வந்துவிட வேண்டாம். பெரும்பாலும் தவறு புத்தகத்தை எடுத்த விதத்தில் இருக்கும்.

வாயால் படித்துப் பார்க்காமல் வாங்குவது

‘குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்’ என்று பின்னட்டையில் போட்டிருப்பது பதிப்பகத்தின் ஆசை. அதை விட்டுவிட்டு நடுப்பக்கத்தைத் திறந்து, கூச்சப்படாமல், கடையிலேயே இரண்டு பக்கம் முணுமுணுத்துப் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாகவே எழுதிவிடுவார்கள். நடுவில்தான் சாயம் வெளுக்கும். ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? எதிரெதிர் இரண்டு பக்கத்தின் எழுத்தும் 15 நொடிக்குள் முடிகிறதா? பக்கத்தைத் திருப்ப உங்களுக்கே ஒரு துடிப்பு வருகிறதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் மட்டும் எடுங்கள். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு வரி போதும். முழுப் புத்தகமும் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களால் நடுப்பக்கத்தைப் பார்க்க முடியாது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கைந்தை போனிலேயே படித்துக் காட்டி, குழந்தை எதற்குச் சிரிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு காசைச் செலவழிக்கலாம். அங்கே முதல் நிலை என்பது 250 சொல்லுக்கு உட்பட்ட கதை. ஆனால் தமிழில் ‘விளையாடிக்கொண்டிருந்தபோது’ என்பதும் ஒரே சொல்தான். ஆகவே சொல் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

படம் சொல்வதையே எழுத்தும் சொல்கிற புத்தகம்

வாங்குகிறவர்கள் கவனிக்கவே கவனிக்காத தவறு இது. சிரிப்பு செத்துப்போவதும் இங்கேதான்.

ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தா தன் குரங்குக் குல்லாவைத் தேடுகிறார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார். படத்தின் மூலையில் கம்பளிக் குல்லா ஒன்று கொஞ்சம் உப்பலாகக் கிடக்கிறது. அதிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே எழுத்து இவ்வளவுதான்: ‘கட்டிலுக்கு அடியில் இல்லை.’ அடுத்த பக்கம்: ‘அடுப்பு மேலேயும் இல்லை.’ இப்போது குல்லா நகர்ந்து வேறு மூலையில் இருக்கிறது. இரண்டு காது தெரிகிறது. மூன்றாம் பக்கத்துக்குப் போவதற்குள் குழந்தை விரலை நீட்டி, ‘தாத்தா! அங்க!’ என்று கத்திவிடும். பெரியவருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்பதில்தான் அந்தச் சிரிப்பு பிறக்கிறது.

அதே பக்கத்தில் ‘தாத்தாவுக்குத் தெரியாமல் பூனை குல்லாவுக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது’ என்று எழுதியிருந்தால்? குழந்தை கண்டுபிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை. கடையில் ஒரு கையால் எழுத்தை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். எழுத்து சொல்லாத ஏதாவது ஒன்று படத்தில் நடக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் அலங்காரப் படம்.

படிக்கிறவரும் இதே தவறைச் செய்வதுண்டு. குழந்தை பார்ப்பதற்கு முன்பே ‘இங்க பாரு, வாலு!’ என்று காட்டிக்கொடுத்துவிடுவது. வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்குக் கண்டுபிடிக்கும்.

வழக்கம் தெரியாதவருக்குச் சிரிப்பு வராது

செருப்பைத் தலையில் வைத்தால் இரண்டு வயதுக் குழந்தை சிரிக்கும். செருப்பின் இடம் கால் என்று அதற்குத் தெரியும். வழக்கம் தெரிந்தால்தான் வழக்கத்தை மீறுவது வேடிக்கையாகும். ஒரு வயதில் ‘எங்கே காணோம்… இதோ!’ என்கிற மறைவு விளையாட்டும், மாடு கத்துகிற சத்தமும் போதும். மூன்று, நான்கில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து கடைசியில் மட்டும் மாறுவது எடுபடும். சொல்லை வைத்து விளையாடுவதும், தந்திரத்தால் ராஜாவை மடக்குவதும், கிண்டலாக ஒன்று சொல்லி வேறொன்றைக் குறிப்பதும் ஆறு வயதை ஒட்டித்தான் பிடிபடும். தெனாலிராமன் கதையை நாலு வயதுக் குழந்தைக்கு வாங்கிவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு வருடம் பொறுத்திருக்கலாம்.

மலைக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிற கதாநாயகன் சென்னைக் குழந்தைக்குக் கோமாளி. உதகைக் குழந்தைக்கு அவன் பக்கத்து வீட்டுக்காரன். அப்படிப்பட்ட புத்தகம் மட்டமானது என்று சொல்லவில்லை. இந்த ஊரில் அந்தப் பக்கம் சும்மா கடந்துபோகும், அவ்வளவுதான். மாறாக, தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கும் காட்டுமாட்டின் படத்தைக் காட்டுங்கள். அது எவ்வளவு பெரிசு, செடி எவ்வளவு குட்டை என்று குன்னூர்க் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கரடிப் புத்தகம் வாங்கும்போது மட்டும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். புத்தகத்துக் கரடி கட்டிப்பிடிக்கும், தேன் கேட்கும். கோத்தகிரிப் பக்கம் கரடி நிஜமாகவே தோட்டத்துக்கும் வீட்டுப் பக்கமும் வந்து போகிறது. ‘இது கதைக் கரடி, நம்ம ஊர்க் கரடியைப் பார்த்தால் உள்ளே வந்துடணும்’ என்று படிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு, அப்புறம் தாராளமாகச் சிரிக்கலாம். இரவில் சத்தம் கேட்டுப் பயந்த குழந்தைக்கு அதே இரவில் கரடிக் கதை வேண்டாம்.

தமிழ் எந்தத் தமிழ்?

‘சினம் கொண்டு பாய்ந்தது’, ‘வினவியது’, ‘மகிழ்வுற்றது’ என்று எழுதியிருக்கும் சிரிப்புக் கதை சிரிப்பைத் தராது. ‘ஓ அன்பே, நான் மிகவும் வருந்துகிறேன், என்றது எலி’ என்கிற மொழிபெயர்ப்பும் அப்படித்தான். மாட்டிக்கொண்ட எலி தமிழில் ‘அய்யய்யோ, தெரியாமப் பண்ணிட்டேன்!’ என்றுதான் கத்தும். சத்தங்களையும் பாருங்கள். தொப், சளக், மொறுமொறு, கொழகொழ, திருதிரு என்று நம்மிடம் வண்டி வண்டியாக இருக்கும்போது ‘ஸ்ப்ளாஷ்’ என்று தவளை குதிக்கிற புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

கதை நன்றாக இருந்து நடை மட்டும் விறைப்பாக இருந்தால், படிக்கும்போதே பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: திரும்பத் திரும்ப வரும் வரி. அது அச்சில் இருக்கிறபடி, சொல் மாறாமல், அதே ராகத்தில் வர வேண்டும். நாலாவது தடவை குழந்தை கூடச் சேர்ந்து சொல்லும். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி சொன்னால் அதற்குப் பிடி கிடைக்காது.

இருமொழிப் புத்தகத்தில் ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் படிப்பதும் வேண்டாம். வேடிக்கை வரும் இடத்தில் இரண்டு தடவை சொன்னால் இரண்டாவது தடவை புளித்துவிடும். இன்று முழுக்கத் தமிழ், நாளை முழுக்க ஆங்கிலம்.

வீட்டில் படுகு, மலையாளம், கன்னடம் என்று பேசுகிற குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். தமிழ்ப் புத்தகமாயிற்றே, தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று இறுக்கிப் பிடிப்பது தேவையற்ற கெடுபிடி. ஹெத்தே (பாட்டி) சொன்னால் படுகில்தான் அந்த வேடிக்கை எடுபடும் என்றால் அப்படியே சொல்லட்டும். எழுத்தே இல்லாத படக்கதைகள் இந்த வீடுகளுக்குப் பெரிய வரம்.

பெரியவர் கண் கலங்கினால் நெகிழ்ச்சி என்று நினைப்பது

அம்மாவை இழந்த மான்குட்டி, பசியோடு தூங்கும் சிறுவன், தியாகம் செய்யும் அக்கா. படிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கும். மூன்று வயதுக் குழந்தை ‘அம்மா எங்கே போனாங்க?’ என்று படுக்கும் நேரத்தில் கேட்க ஆரம்பிக்கும். இந்த வயதில் நெஞ்சைத் தொடுவது சின்ன விஷயம்: காணாமல்போன போர்வை கிடைப்பது, சண்டை போட்டவர்கள் ஒரு வர்க்கியைப் பிட்டுத் தின்பது, ‘நீ வர்ற வரைக்கும் காத்திருந்தேன்’ என்று ஒருவர் சொல்வது. கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். பாதுகாப்பான இடத்தில் கதை முடிகிறதா என்பது போதும். அங்கே ‘இக்கதையின் நீதி’ என்று கட்டம் கட்டியிருந்தால் அதன்மேல் ஒரு படத்தை ஒட்டிவிடுங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

கறுப்பு, குண்டு, திக்குவாய், சோடாபுட்டி. இவற்றைச் சிரிப்புக்காகவே வைத்திருக்கிற புத்தகங்கள் இன்றும் விற்கின்றன. இலைப் பாவாடை கட்டி, ஈட்டியோடு குதிக்கும் ‘காட்டுவாசி’யும் அந்த வரிசைதான். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரப்போகும் குழந்தைக்கு அப்படி ஒரு படத்தை முதலில் காட்டுவானேன்? தவறு செய்கிறவன் தன் அவசரத்தாலோ பிடிவாதத்தாலோ மாட்டிக்கொள்கிற கதைகள் வேண்டிய அளவு இருக்கின்றன.

நிலை, தாள், பின்

அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில் வருகின்றன. அது குழந்தை தானே படிப்பதற்கான அளவு. நீங்கள் படித்துக் காட்டும்போது ஒன்றிரண்டு நிலை மேலே போகலாம். எழுத்துக்கூட்டத் தெரிந்த உடனே ‘இனி நீயே படி’ என்று நிறுத்திவிடுவது அவசரம்.

கடைசியாக, ஈரம். பளபளப்பான தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் கிழியும். மழைக்கால வீட்டுக்கு மங்கலான தாள் நல்லது. நடுவில் பின் அடித்த புத்தகம் தட்டையாகத் திறக்கும், மடியில் வைத்துப் படிக்க வசதி. ஆனால் இங்கே பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை விடும், கழன்றால் விரலைக் குத்தும். வாங்கிய அன்றே பின்னைக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் கெட்டி நூலால் தைத்துவிட்டால் கவலையில்லை. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். பழைய புத்தகக் கடையில் எடுக்கும்போது முதலில் மூக்கருகே வைத்துப் பாருங்கள். பூஞ்சண வாடை அடித்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும்.